கன்னத்துக்கு அளவெடுத்த கட்டை

சிவலிங்கம் மறுபடி வேட்டி நுனியை எடுத்துத் துடைத்தான். எட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து அக்ரூட் மரத்தில் இழைத்த துப்பாக்கிக் கட்டை. அதன்மேல் ரங்கராஜன் சாரின் கடைவாயிலிருந்து சிவப்பாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

கார்டன் ரீச் ஆற்றங்கரையில் படகு பழுதுபார்க்கும் தனியார் பட்டறை ஒன்றுக்கு ரங்கராஜன் மேனேஜர். சிவலிங்கம் அங்கே தச்சன். தச்சர்களை மேற்பார்க்கும் சார்ஜ்மேன் வேலை ஒன்று காலியாக இருந்தது. ரங்கராஜன் ஒரு வரி எழுதினால் போதும், கிடைத்துவிடும். அந்த ஒரு வரிக்கு அவர் சொன்ன விலைதான் இந்தக் கட்டை. கிளப்பில் நடக்கும் டிசம்பர் துப்பாக்கி சுடும் போட்டிக்கு, தன் உடம்புக்கென்றே அளவெடுத்துச் செய்தது வேண்டுமாம்.

முழங்கை, தோள் எல்லாம் ஒரு நாள் வேலை. கன்னம்தான் பாடாய்ப் படுத்தியது. கன்னத்தைக் கட்டையில் பதித்தால் கண் நேராகக் குழலின்மேல் ஓட வேண்டும். வைத்துப் பார்ப்பது, அரத்தால் ராவுவது, மறுபடி வைத்துப் பார்ப்பது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கன்னத்துக்குள் எலுமிச்சை பருமனுக்குப் பான்.

“சார், வாயை ஒருதரம் கொப்பளிச்சுட்டு வந்தீங்கன்னா…”

“இது இல்லாம என்னை நீ பார்த்திருக்கியோ? இதையும் சேர்த்து அளவெடுப்பா.”

சேர்த்தே எடுத்தான். எச்சிலைத் துடைத்துத் துடைத்து அவன் வேட்டி காவியாகிவிட்டது. “அதை வீட்டுக்குள்ள கொண்டாராதீங்க” என்று மனைவி பூங்கோதை கதவைச் சாத்திக்கொண்டாள்.

போட்டியன்று காலை ரங்கராஜன் வந்து துப்பாக்கியைத் தோளில் ஏற்றினார்.

“என்னப்பா இது, குழலே தெரியலை! துப்பாக்கி முதுகுன்னா தெரியறது?”

சிவலிங்கம் அவர் முகத்தைப் பார்த்தான். கன்னம் ஒட்டிக் கிடந்தது.

“பான் எங்க சார்?”

“இன்னிக்கு ஏகாதசி. வெத்தலை தொடமாட்டேன்.”

ராவிய மரத்தை இனி ஒட்டவைப்பது எப்படி? அந்தத் தூளை அடுப்பில் போட்டுப் பூங்கோதை சோறே வடித்துவிட்டாள்.

“மேல அட்டை வெச்சுக் கட்டித் தரேன் சார்.”

“கட்டுப் போட்ட துப்பாக்கியோட கிளப்புல நிக்கவா? சார்ஜ்மேனை நீ மறந்துடு.”

கதவுக்குப் பின்னாலிருந்து பூங்கோதை சொன்னாள்: “வெளிய வைக்க முடியாட்டி உள்ள வைங்களேன். தலகாணியில பஞ்சு இருக்கு.”

ரங்கராஜன் யோசித்தார். “பஞ்சு ஆகாரத்துல சேராதே?”

“சேராதுங்க சார்.”

சிவலிங்கத்தையும் காரில் ஏற்றிக்கொண்டார். கிளப்பில் உயரே வீசியெறிந்த இருபத்தைந்து மண்தட்டுக்கு இருபத்திரண்டு உடைந்தன. கோப்பை அவருக்கு. கை கொடுக்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வாயைத் திறந்து நன்றி சொல்ல வேண்டும். அவர் ஓரமாகத் திரும்பி, நூல் நூலாக எச்சில் இழுக்கப் பஞ்சுருண்டையை வெளியே எடுத்தார். புல்லில் போட்டால் யாராவது பார்ப்பார்கள்.

“சார், அந்த ஒரு வரி…”

“நாளைக்கே எழுதிடறேன். இதைப் பிடி.”

சிவலிங்கம் உள்ளங்கையை நீட்டினான். பஞ்சு வெதுவெதுப்பாக இருந்தது.