ஞாயிறு செஸ் கழகத்தில் யாரும் சாகவில்லை

1

இந்தக் கதை ஒரு இருமலில் தொடங்கியது. என்னுடைய இருமல்தான். மூன்று வாரமாக விடாமல் படுத்தியதால், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். படம் எடுத்த பெண்மணிக்கு ஐம்பதை ஒட்டிய வயது. சட்டையைக் கழற்றச் சொல்லி, பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்க வைத்து, "மூச்ச இழுத்துப் புடிங்க" என்றார். பிடித்தேன். விடச் சொல்லவில்லை. சீட்டில் இருந்த பெயரை இன்னொரு முறை படித்துவிட்டு, "கதை எழுதறவர்தானே நீங்க?" என்றார்.

மூச்சைப் பிடித்தபடியே தலையாட்டினேன்.

"மூணு கதை படிச்சிருக்கேன் சார். மூணுலயும் எங்கள மாதிரி ஆளுங்க வர்றாங்க. மூணுலயும் கொன்னுட்டீங்க." இயந்திரம் ஒருமுறை முனகியது. "ம், மூச்ச விடுங்க."

எங்கள மாதிரி என்றால், பெண்ணை விரும்பும் பெண்கள், ஆணை விரும்பும் ஆண்கள். நான் கொன்றது உண்மை. எழுதும்போது அது கருணை என்று நினைத்திருந்தேன். "ஒருத்தரும் சாகாம ஒண்ணு எழுதிக் காட்டுங்க பாப்போம்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். என் நெஞ்சில் ஒன்றுமில்லை, சாதாரணச் சளிதான். ரிப்போர்ட் வாங்கப் போனபோது அதற்கு வேண்டிய கதையையும் அவரே சொல்லத் தொடங்கினார்.

2

முதல் தொடக்கம்: "அந்த மாடி அறைக்குள் ஒரு ரகசியம் —"

வேண்டாம். துப்பறியும் கதை வாடை அடிக்கிறது.

இரண்டாவது: "மழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு —" பெய்யவில்லை. நான் விசாரித்துவிட்டேன்.

மூன்றாவது: "அவள் கண்களில் நீர் —" பாருங்கள், கை தானாக எங்கே போகிறதென்று. இன்னும் இரண்டு பக்கம் விட்டால் இவளையும் தீர்த்துக்கட்டியிருப்பேன்.

நான்காவது: எக்ஸ்ரே அக்கா மடக்கு நாற்காலிகளைப் பிரித்துப் போட்டார்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன். ஒன்பது வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மூன்று மணிக்கு அவர் செய்கிற வேலை இது. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, ஞாயிறு விடுமுறை. இரண்டாவது மாடியில் முன்கூடம், அதை ஒட்டிக் கதவு வைத்த ஓர் உள்ளறை. வாசலில் "ஞாயிறு செஸ் கழகம்" என்று போர்டு. கூடுவது அக்கா சொன்ன அந்த "எங்கள மாதிரி" ஆட்கள். செஸ்ஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிமையானது. வீட்டில் "செஸ் விளையாடப் போறேன்" என்று சொன்னால் யாரும் "நானும் வர்றேன்" என்று கிளம்புவதில்லை.

கழகத்துக்கு ஒரு நடைமுறை உண்டு. புதிதாக வருகிறவரிடம் எதற்கு வந்தீர்கள் என்று கேட்கக் கூடாது. கடைசி மேசையில் உட்கார வைத்து, எதிரே ஒருத்தர் அமர்ந்து காயை நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். மூன்றிலிருந்து ஐந்துவரை முன்கூடத்தில் செஸ் மட்டும். ஐந்து மணிக்குப் பழைய ஆட்கள் உள்ளறைக்குப் போய், கதவைச் சாத்தி, டீ போட்டு, அதுவரை அடக்கி வைத்திருந்த பேச்சைப் பேசுவார்கள். புதியவர் தானாக "நானும் உள்ள வரலாமா?" என்று கேட்கும் நாள்வரை யாரும் கூப்பிடமாட்டார்கள். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற ஒருவர் அப்படிக் கேட்க ஏழு மாதம் எடுத்துக்கொண்டார். அவரை எல்லாரும் "லிஃப்ட்" என்றே கூப்பிடுகிறார்கள்; அவரும் ஏன் என்று கேட்பதில்லை.

(அங்கே போயிருக்கிறீர்களா என்று நீங்கள் என்னைக் கேட்கலாம். கேட்கக் கூடாது என்ற நடைமுறையைத்தான் இப்போது சொன்னேனே.)

3

இப்போது சர்வேயர் வருகிறார்.

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்து நான்கு, தலையில் எப்போதும் ஒரு துணித்தொப்பி. இப்படி ஒருவர் கதையில் வந்தாலே வாயைத் திறந்து ஞானம் சொல்லிவிடுவாரோ என்ற பயம். ஆனால் அக்கா சத்தியம் செய்தார்: "ஞானமா? குதிரைய நேராவே நகத்துவாரு சார். யாரோட விளையாடினாலும் தோப்பாரு."

ஐந்து மாதம் தோற்றார். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்து, அக்காவோடு நாற்காலி பிரித்தார். மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண்ணிடம் மட்டும் பதினெட்டு ஆட்டம் தோற்றார். ஐந்து மணி ஆனதும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "உள்ள கமிட்டி உட்காருது போல, நான் கிளம்பறேன்" என்று இறங்கிப் போய்விடுவார்.

உள்ளறையில் அவருக்காகப் பரிதாபப்பட்டார்கள்.

"எத்தன வருஷமா மனசுக்குள்ளயே வெச்சிருக்காரோ பாவம்," என்றார் பேக்கரியில் மாவு பிசைகிறவர்.

"அவசரப்படுத்தாதீங்க. எனக்கு ஏழு மாசம் ஆச்சு," என்றார் லிஃப்ட்.

ஒருவருக்கும், அந்த மனிதர் செஸ் விளையாட வந்திருக்கலாம் என்று தோன்றவே இல்லை.*

* உங்களுக்குத் தோன்றியிருக்கும். நீங்கள் வெளியிலிருந்து பார்க்கிறீர்கள். வாழ்நாள் முழுக்க எதையாவது சாக்கு வைத்தே ஓர் இடத்துக்குப் போனவர்களுக்கு, சாக்கே இல்லாமல் ஒருத்தர் வருவார் என்று நினைக்க முடிவதில்லை.

4

அக்காவுக்கு அலுத்துவிட்டது. இதை அழகாகச் சொல்ல இரண்டு நாள் முயன்றேன் ("சோர்வு ஒரு நிழலைப்போல அவரை —" சீ!). அலுத்துவிட்டது, அவ்வளவுதான். வாரம் ஆறு நாள் இருட்டறையில் ஊர்க்காரர்களின் எலும்பைப் பார்க்கிறார். ஏழாவது நாள் ஊர்க்காரர்களின் அழுகையைக் கேட்கிறார். யாரோ ஒருவருக்கு வீட்டில் பெண் பார்க்கிறார்கள், யாரோ ஒருத்தியின் போனை அப்பா பிடுங்கிவிட்டார். எல்லாவற்றுக்கும் அக்காதான். கடைசியில் டம்ளர் கழுவுவதும் அக்காதான்.

அவருடைய துணை ஒரு பூகோள டீச்சர். பன்னிரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால் "சித்தி பொண்ணு" என்று அக்கா சொல்வார். டீச்சருக்கு இப்போது வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது, இரண்டு மாதத்தில் கிளம்ப வேண்டும். "நானா, அந்த நாப்பது நாற்காலியா, நீயே சொல்லு" என்று டீச்சர் சிரித்துக்கொண்டே கேட்டார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அக்கா டீச்சரோடுதான் போவார், அதில் அவருக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. போகுமுன் அறைச் சாவியை ஒருத்தர் கையில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் கழகம் இல்லை.

உள்ளறையில் கேட்டார்.

"எனக்கு ஞாயித்துக்கிழமதான் அக்கா ஆளுங்க லிஃப்ட்டுல மாட்டிக்கறாங்க," என்றார் லிஃப்ட்.

"சாவி எதுக்குன்னு எங்கம்மா நோண்டி நோண்டிக் கேப்பாங்க," என்றாள் மருந்துக்கடைப் பெண்.

"நான் வேணா வாராவாரம் கேக் கொண்டாரேன்," என்றார் பேக்கரிக்காரர்.

எல்லாருக்கும் இந்த இடம் உயிர். ஆனால் சாவி என்றதும் ஆளாளுக்கு டீயை ஊத ஆரம்பித்துவிட்டார்கள். அக்காவுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

5

அடுத்த ஞாயிறு நாற்காலி பிரிக்கும்போது சர்வேயர் சொன்னார்: "நீங்க ஊர விட்டுப் போறீங்கன்னு பேசிக்கிட்டாங்கம்மா. சாவிய என்கிட்ட குடுங்க. நான் பாத்துக்கறேன்."

அக்கா கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். ஐந்து மாதம் கழித்து மனிதர் வாயைத் திறந்திருக்கிறார், அதுவும் சாவியே கேட்கிறார். "உக்காருங்க சார்," என்று தானும் எதிரே உட்கார்ந்தார். "சொல்லுங்க."

சர்வேயர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். இரண்டாவது மாடியின் வரைபடம், அளவு பிசகாமல் பென்சிலில் போட்டது. ஜன்னல், படிக்கட்டு, மேசைகள் எல்லாம் இருந்தன. உள்ளறை மட்டும் இல்லை.

"இந்தக் கதவையும் தடுப்பையும் எடுத்துட்டா இன்னும் ஆறு மேசை போடலாம். வாசக் கதவு எப்பவும் தொறந்தே இருக்கணும், அப்பதான் நாலு பேரு எட்டிப் பாப்பாங்க. பள்ளிக்கூடத்துல எல்லாம் நோட்டீஸ் ஒட்டுவோம். வருஷத்துக்கு ஒரு போட்டி வெப்போம். பேப்பர்ல போட்டோ வரும்." தாளின் மடிப்பை விரலால் நீவினார். "வீட்டுல நான் போய் உக்காந்தா ஆளுங்க எந்திரிச்சுப் போயிடறாங்கம்மா. இங்கதான் வந்த உடனே உக்காருங்கன்னு சொன்னீங்க. இத மூட விடக் கூடாது."

அக்காவுக்கு எல்லாம் ஒரே சமயத்தில் விளங்கியது. மனிதர் நிஜமாகவே செஸ்ஸுக்குத்தான் வந்திருக்கிறார்.

6

இந்த இடத்தில் நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) அக்கா உண்மையைச் சொல்கிறார். சர்வேயர் புன்னகைத்து, "ரெண்டாவது வாரமே எனக்குத் தெரியும்மா" என்கிறார். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறீர்கள். அடித்துவிட்டேன்.

ஆ) சர்வேயர் கத்திவிட்டுப் போய்க் கட்டடத்துக்காரரிடம் சொல்ல, அறை பறிபோக, மருந்துக்கடைப் பெண் — போதும். இதை மூன்று தடவை எழுதியாகிவிட்டது.

இ) சர்வேயர் விம்மி, "நானும் அப்படித்தாம்மா" என்கிறார். இதை அக்காவிடம் போனில் படித்துக் காட்டினேன். "உலகத்துல எல்லாருமே நாங்கதானா சார்? அப்புறம் எதுக்கு நாங்க கதவச் சாத்தணும்?" என்று சிரித்தார்.

நடந்தது இதுதான். நாசூக்காக அனுப்பியிருக்கலாம். கழகத்தை மூடியாயிற்று என்று ஒரு பொய் போதும். ஆனால் சித்தி பொண்ணு, ஓவர் டைம், செஸ் என்று சொல்லிச் சொல்லி அக்காவிடம் பொய்ச் சரக்கு தீர்ந்துபோயிருந்தது. இன்னொன்று சொல்ல அவருக்குத் தெம்பில்லை. சொல்லிவிட்டார். தான் யார், டீச்சர் யார், உள்ளறையில் கமிட்டி என்ன பேசுகிறது, எல்லாவற்றையும்.

சர்வேயர் வரைபடத்தை நான்காக மடித்தார்.

"அப்ப செஸ்ஸு?"

"அது சும்மா சார். ஒரு சாக்கு."

"சும்மாவா?" மற்றதையெல்லாம் கேட்டபோது மாறாத முகம் இதற்கு வாடிவிட்டது. மடித்த தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அப்ப நான் இனிமே வரக் கூடாதா?" என்றார்.

"கேட்டுச் சொல்றேன் சார்," என்றார் அக்கா. மனிதர் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

7

அன்று செஸ் நடக்கவில்லை. வந்தவர்களை அக்கா நேராக உள்ளறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"என் பேரச் சொன்னீங்களா?" என்றாள் மருந்துக்கடைப் பெண்.

"இல்லம்மா."

"மொகம் தெரியுமே அக்கா. அஞ்சு மாசமா எதுக்க உக்காந்து என்கிட்டதான தோத்தாரு!" அவள் இன்னும் உட்காரவில்லை. "உங்க கதைய நீங்க சொல்லிக்கலாம். எங்க எல்லாரோடதையும் சேத்து யாரக் கேட்டுச் சொன்னீங்க?"

அவள் சொன்னது சரி. ஒன்பது வருடத்தில் அக்கா செய்த ஒரே தப்பு இது, ஆனால் பெரிய தப்பு.

"அவரு நல்லவருக்கா," என்றார் பேக்கரிக்காரர். "வந்துட்டுப் போகட்டுமே."

"நல்லவருதான்," என்றார் லிஃப்ட். "நாம எல்லாரும் நல்லவங்ககிட்டதானே அடி வாங்கியிருக்கோம்."

முக்கால் மணி நேரம் போயிற்று. வரட்டும் என்பவர்களும் கூடாது என்பவர்களும் குரலை உயர்த்தி, பிறகு தாங்களே பயந்து தாழ்த்திக்கொண்டார்கள். அக்காவுக்குத் தலை வலித்தது. தண்ணீர் பிடிக்க முன்கூடத்துக்கு வந்தவர் வாசலைப் பார்த்தார். இறங்கிப் போன சர்வேயர் வீட்டுக்குப் போகவில்லை, திரும்பி வந்திருந்தார். படிக்கட்டில் மேல்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தொப்பி கையில் இருந்தது. கேட்டுச் சொல்கிறேன் என்று சொன்னார்களே, சொல்வார்கள் என்று உட்கார்ந்திருக்கிறார்.

அக்கா செம்பும் கையுமாக நின்றுவிட்டார்.

இருபத்தாறு வயதில் அக்காவும் இப்படி உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் வீட்டுப் பின்பக்கப் படியில், ஒரு மதியம் முழுக்க. உள்ளே அண்ணனும் பெரியப்பாவும் இரண்டு மாமன்களும் அவரை என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. நடுவில் யாரோ சிரித்த சத்தமும் கேட்டது. என்ன முடிவு செய்தார்கள் என்பதை ஒருவரும் வெளியே வந்து சொல்லவில்லை. பொழுது சாய்ந்தபோது அண்ணி வந்து அவருடைய துணிப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. உள்ளறைக்குத் திரும்பி, "அவரு போகல. படியில உக்காந்திருக்காரு," என்றார்.

அந்த அறையில் ஒவ்வொருவருக்கும் இப்படிக் காத்திருந்த ஒரு படி இருந்தது. லிஃப்ட்டுக்கு அது மொட்டை மாடி.

"அதுக்காக?" என்றார் லிஃப்ட். குரல் பழையபடி இல்லை.

"அதுக்காக ஒண்ணுமில்ல. சொன்னேன்."

8

அக்கா எனக்குச் சொன்னது இவ்வளவுதான். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "கதை எழுதறவர் நீங்கதானே?" என்று போனை வைத்துவிட்டார்.

பதினோரு வாரமாக எழுதுகிறேன். வரட்டும் என்று எழுதினால், உட்காராமல் நின்றபடியே அந்தப் பெண் என்னைப் பார்க்கிறாள். அவள் பயத்துக்கு நான் என்ன உத்தரவாதம் கொடுக்க முடியும்? வரவேண்டாம் என்று எழுதினால், குதிரையை நேராக நகர்த்தும் அந்த மனிதர் — முடியவில்லை. மூன்று கதைகளில் இவர்களைப் பற்றி நானே உட்கார்ந்து நானே முடிவெடுத்திருக்கிறேன். நானாவது வெளியே வந்து சொன்னேனா? துணிப்பையை வைத்துவிட்டு உள்ளே போனவன்தான் நானும். எனக்கு அலுத்துவிட்டது, என்னால் இதற்கு மேல் முடியாது.

யாரும் சாகவில்லை, கேட்டபடி. மிச்சம் உங்கள் பாடு. இதுவரை படித்துவிட்டதால் நீங்களும் இப்போது உள்ளறையில்தான் இருக்கிறீர்கள். உங்களுக்கும் ஒரு வாக்கு உண்டு. என்ன வேண்டுமானாலும் முடிவெடுங்கள். ஆனால் எடுத்ததும், தயவுசெய்து, யாராவது ஒருத்தர் அந்தக் கதவைத் திறந்து வெளியே போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.