கிரேக்கம் கெட்ட காரணம்

"மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்திட்டினம். சடங்கு முடியுமட்டும் நீர் மேல வராதையும், யோகமலர்."

இராஜேஸ்வரி சொல்லிவிட்டு, பேஸ்மென்ற் கதவையும் சாத்திக்கொண்டு போனாள்.

மேலே அடுக்கியிருந்த பலகாரமெல்லாம் யோகமலர் நாலு நாள் நின்று சுட்டவை. பலகாரம் சபைக்கு ஆகும், சுட்டவள் ஆகாள். முள்ளிவாய்க்காலில் செல்குண்டு விழுந்து அவள் கணவன் இறந்து இரண்டரை வருஷம். முகாம், துருக்கி, கிரேக்கம் என்று அலைந்து, மூன்று மாதத்துக்கு முன்தான் கனடாவின் மார்க்கம் நகரில் கணவனின் அண்ணன் பத்மநாதன், அவர் மனைவி இராஜேஸ்வரி வீட்டில் வந்து ஒதுங்கினாள்.

பத்மநாதன் ஞாயிறுதோறும் தமிழ் வானொலியில் உலக அரசியல் பேசுகிறவர். அந்த மாதம் அவருடைய கோபமெல்லாம் கிரேக்கத்தின் மேல். வீட்டின் பேரில் இரண்டாம் தடவை கடன் எடுத்து மகள் துவாரகாவின் நிச்சயதார்த்தத்தை நடத்தியவர், மோதிரம் மாற்றி முடிந்த கையோடு சம்பந்தியார் செல்வரட்ணத்தைப் பிடித்துக்கொண்டார்.

"கடன் வாங்கித் திண்டு கொழுத்த சனம், அண்ணை! இப்ப ஊரெல்லாம் கையேந்துது. அதை விடுங்கோ, அகதியை மனிசராக்கூட மதிக்காதுகள். என்ரை தம்பியின்ரை மனிசி அங்கை தெருவிலை படுத்தவள். அவளின்ரை வாயாலையே கேளுங்கோ."

இராஜேஸ்வரி கண்ணைக் காட்டினாள். அவர் கவனிக்கவில்லை. சாட்சி தேவைப்படுகிற நேரத்தில் சகுனமா பார்ப்பது?

அவர் கூப்பிட்ட குரலுக்கு யோகமலர் மேலே வந்தாள். முப்பது பேர் திரும்பிப் பார்க்க, அவள் படி வாசலிலேயே நின்றாள்.

"சொல்லும். எப்பிடி நடத்தினவங்கள்?"

"ஏதென்ஸிலை பூங்காவிலை படுத்திருக்கேக்கை தடியோடை வந்து அடிச்சுக் கலைச்சவங்கள், அத்தான்."

"கேட்டியளே!" பத்மநாதன் தொடையில் தட்டினார்.

"பக்கத்திலை பாண் சுட்டு விக்கிற கடை வச்சிருந்த வசிலிக்கி எண்ட மனிசிதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனவ. அவையும் கஷ்டத்திலை. புருசன்ரை பென்சனை வெட்டிப்போட்டாங்கள், யாவாரமும் இல்லை. எண்டாலும் நாலு மாதம் வீட்டிலை வச்சுச் சாப்பாடு தந்தவ. அவவின்ரை மகளின்ரை கலியாணத்தண்டைக்கு நான் ஒரு மூலையிலை ஒதுங்கி நிண்டனான். மனுசன் செத்தவள், வரக்கூடாதெண்டு கையாலை காட்டிச் சொன்னனான். அந்த மனிசி அழுதிட்டு, என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பொம்பிளைக்குப் பக்கத்திலை விட்டவ. பொம்பிளை மாப்பிள்ளைக்கு எறியிற அரிசியை என்ரை கையிலை தந்து, முதல்லை நீ போடு எண்டவ." அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "அந்த வீட்டிலை ஆரும் என்னை மறைச்சு வைக்கேல்லை, அத்தான்."

இராஜேஸ்வரி நிலத்தைப் பார்த்தாள். பத்மநாதனோ, விவாதத்தில் வென்றவரைப்போலச் சிரித்தார்.

"பாத்தியளே அண்ணை? சாத்திரமில்லை, சம்பிரதாயமில்லை! தாலி அறுத்தவளைக் கலியாண வீட்டிலை முன்னுக்கு நிப்பாட்டினால் நாடு உருப்படுமே? கிரேக்கம் கெட்டது இதாலைதான்!"

நாலைந்து தலைகள் ஆமோதித்து ஆடின. செல்வரட்ணம், ஆட்டவா வேண்டாமா என்று தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

யோகமலர் சோபாவில் துவாரகாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். துவாரகா நகர்ந்து இடம் விட்டாள்.

"என்ன செய்யிறீர்?" இராஜேஸ்வரி பல்லைக் கடித்தாள்.

"இருக்கிறன், அக்கா" என்றாள் யோகமலர்.