இரண்டாவது சிவப்பு மாத்திரை

லொம்போக் தீவின் புகையிலைக் கிராமமொன்றில் மஹ்னிம் இரண்டாவது பிள்ளையைப் பெற்றாள். பேறு முடிந்ததும், ஊரே 'இபு' என்றழைக்கும் மருத்துவச்சி தர்மி, வைட்டமின் ஏ அடங்கிய சிவப்பு எண்ணெய் மாத்திரை ஒன்றை அவளை விழுங்கச் செய்தார். மறுநாள் விழுங்க இன்னொன்றைத் தாளில் மடித்துக் கொடுத்தார். பாலின் வழியே அது கைக்குழந்தைக்கும் போய்ச் சேரும் என்றார்.

மஹ்னிம் அதை விழுங்கவில்லை. மூத்தவள் ரபியாவுக்கு நான்கு வயது. பொழுது சாய்ந்தால் அவளுக்குக் கண் தெரியாது. ஊரார் அதைக் கோழிக்கண் என்பார்கள். ஆகஸ்டு மாதத்தில் பிள்ளைகளுக்கெல்லாம் இதே சிவப்பு மாத்திரையைக் கொடுத்தபோது, குடும்பமே அடுத்த ஊருக்குப் புகையிலை உலர்த்தும் கூலிக்குப் போயிருந்தது. இனி பிப்ரவரியில்தான் முறை. தவறவிட்டதைச் சொன்னால் ஏச்சு விழும். ஆகவே, மாத்திரையின் நுனியைக் கத்தரித்து மகளின் வாயில் பிழிந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை இபு வீட்டுக்கு வந்தார். இரண்டாவதையும் விழுங்கியாயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்றாள் மஹ்னிம். அவர் ஏட்டில் குறித்துக்கொண்டார்.

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த கணவன் சாப்ரி, மகளைக் காட்டிச் சிரித்தான்.

"முந்தாநாள் அந்தியில இந்தக் கோழி நெசக் கோழிய மிதிச்சிடுச்சு இபு. ரெண்டுல எது கத்துச்சுன்னே தெரியல."

இபு சிரிக்கவில்லை. ரபியாவை வெளிச்சத்தில் நிறுத்திக் கண்களைப் பார்த்தார். இதற்குப் பிப்ரவரி முறைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்று ஒன்று, நாளை ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஒன்று கொடுத்தால் தெளியும் என்றார். அளவு மீறினால் பிள்ளைக்கு ஆகாது, அண்மையில் ஏதும் கொடுத்தீர்களா என்றும் கேட்டார். சாப்ரி இல்லையென்று தலையசைத்தான். இபு கத்தரிக்கோலைக் கையிலெடுத்தார்.

மஹ்னிம் அவர் கையைப் பிடித்தாள்.

"நிறுத்துங்க இபு. நேத்தே அவளுக்குக் குடுத்துட்டேன். என்னோடத. நான் விழுங்கல."

இபு கத்தரிக்கோலைத் தாழ்த்தினார்.

"கண்ணு தெரியலன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேனே, மஹ்னிம். உன் பங்க இவளுக்குக் குடுத்துட்டா சின்னவனுக்கு என்ன மிச்சம்?"

"ஏசுவீங்கன்னு பயந்தேன்."

"ஏசத்தான் செய்வேன். அப்புறம் மாத்திரையும் குடுப்பேன்."

நேற்றையதை முதல் வேளையாகக் கொண்டு, இன்றையதை ரபியாவின் வாயில் பிழிந்தார். ஏட்டில் குறித்ததை அடித்துவிட்டு, வேறொரு மாத்திரையை மஹ்னிமின் உள்ளங்கையில் வைத்தார். அவள் தண்ணீரோடு விழுங்கி வாயைத் திறந்து காட்டும்வரை நகரவில்லை. ரபியாவும் கிட்டே வந்து தாயின் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.