சலமாங்காவுக்குப் போன மூட்டை

1957ஆம் வருஷம் புரட்டாசிக் கடைசியில், ஸ்பெயின் தேசத்துச் சலமாங்கா நகரப் பல்கலைக்கழகத்தில் ஒரு வேட்டியும் ஒரு சட்டையும் ஒரு குடையும் மாணவராகச் சேர்ந்தன. அவற்றுக்குச் சொந்தக்காரனான வயிரவன் அதே நாளில், திருமயத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில், ஜெய்னுலாப்தீன் ராவுத்தரின் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். இதில் மறைக்க ஒன்றுமில்லை. அந்த வருஷம் மழை குறைவு, கடலை விளைச்சல் சுமார், வயிரவனின் மூட்டை வெளிநாட்டுக்குப் படிக்கப் போனது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வயிரவன் ஆதப்ப செட்டியாருக்கும் சாலா ஆச்சிக்கும் ஒரே பிள்ளை. திருச்சியில் பி.ஏ. படித்தபோது பழைய புத்தகக் கடையில் ஸ்பானிய மொழிப் பாடப்புத்தகம் ஒன்று அவன் கையில் சிக்கியது. அதன் ஐந்தாம் பாடத்தில் சலமாங்காவின் ஆற்றுப் பாலம் படமாக இருந்தது. இருபத்தாறு வளைவுகள். அந்தப் பாலத்தின் மேல் நடக்க வேண்டும் என்று அவனுக்கு ஏன் தோன்றியது என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. ரங்கூன், பினாங்கு, ஈப்போ என்று தோன்றியிருந்தால் எங்கள் ஊரில் ஒருவரும் காரணம் கேட்டிருக்க மாட்டார்கள். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் இரண்டு வருஷம் தனியாகவே அந்த மொழியைப் படித்தான். குளிக்கும்போது வினைச்சொற்களை உருப்போட்டான். மாணவர் பரிமாற்றத் திட்டம் என்று ஓர் அறிவிப்பு பேப்பரில் வந்ததும் மனுப் போட்டு, மதராஸ் போய் நேர்காணலில் தேறினான். இங்கிருந்து ஒருவர் அங்கே, அங்கிருந்து ஒருவர் இங்கே, இரண்டு வருஷம். சேர்க்கைக் கடிதம் வந்தது. கப்பல் ஆவணியில். பாஸ்போர்ட் மட்டும் வரவில்லை.

இந்த இடத்தில்தான் எங்கள் ஆட்களின் கெட்டிக்காரத்தனம் வேலை செய்தது. ஆடி மாதத்தில் பயணத்துக்கு நாள் பார்க்கக் கூடாது. ஆவணியிலோ கப்பலுக்கு முன்னால் அவன் நட்சத்திரத்துக்கு ஒத்த நாள் கிடையாது. பஞ்சாங்கத்தைப் புரட்டிய ஆதப்ப செட்டியார் ஆனி இருபத்தெட்டாம் தேதி காலை ஏழரைக்கு மேல் எட்டுக்குள் பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றார். நல்ல நேரம் ஒருநாளும் ரயில் வேறொரு நாளுமாக அமைந்தால், போகிறவனின் துணிமணியை நல்ல நேரத்தில் எடுத்துப்போய், போகிற திசையிலுள்ள வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவது வழக்கம். அத்தோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஸ்பெயின் மேற்கே. ஊருக்கு மேற்குக் கடைசியில் ராவுத்தரின் சைக்கிள் கடை. ஒரு வேட்டி, ஒரு சட்டை, ஒரு குடை, வெற்றிலை பாக்கு, மஞ்சள் கிழங்கு. பயணம் உறுதிப்பட வேண்டும் என்று பி.ஏ. சான்றிதழையும் சேர்க்கைக் கடிதத்தையும் டிக்கெட்டுகளையும் உள்ளே வைத்து மூட்டையாக முடிந்தவர் சாலா ஆச்சி. ராவுத்தர் மூட்டையை மரியாதையாக வாங்கி, டயர் மாட்டும் ஆணிக்குக் கீழே வைத்தார்.

வைத்துவிட்டு வயிரவன் வீட்டுக்குத் திரும்பி வந்தான். ஆச்சி வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

“நீ கெளம்பிட்ட ராசா. கெளம்புனவன் திரும்ப வீட்டுக்குள்ள வரக்கூடாது.”

“பாஸ்போர்ட்டே வரலையே ஆத்தா. அதுவரைக்கும் எங்க இருக்குறது?”

“மூட்டை எங்கிட்டு இருக்கோ அங்கிட்டு இரு. பத்து நாளு பொறுத்துக்க. சோறு நான் குடுத்துவிடுறேன்.”

ஆச்சியைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. அவருடைய அண்ணன் பர்மாவுக்குப் பரஸ்தானம் வைத்த பிறகு, மறந்துபோன பொடி டப்பாவை எடுக்க வீட்டுக்குள் நுழைந்தவர். மோல்மீனில் போய் இறங்கிய பத்தாம் நாள் காய்ச்சலில் போய்விட்டார். அந்தப் பயம் ஆச்சியின் எலும்பில் ஊறியிருந்தது. வயிரவனும் தாயை அழவைக்க மனமில்லாமல், பத்து நாள்தானே என்று சைக்கிள் கடைக்குப் போனான்.

ஆடி நாலாம் தேதி பாஸ்போர்ட் விசாரணைக்கு ஓர் ஏட்டு வந்தார். வழியில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டார். அடித்துவிட்டவன் வயிரவன். அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போய், பையன் இருக்கிறானா என்று கேட்டார். இருக்கிறான் என்று தன் வாயால் சொன்னால் பயணம் முறிந்துவிடும். ஆச்சி ஒரு கணம் தவித்துப்போனார்.

“அவன் கெளம்பிட்டானேங்க. ஆனி மாசமே கெளம்பியாச்சு.”

“எங்கிட்டுங்க ஆச்சி?”

“ஸ்பெயினுக்குத்தான்.”

ஏட்டு அதை அப்படியே எழுதிக்கொண்டு, கொடுத்த மோரையும் குடித்துவிட்டுப் போனார். மனுதாரர் ஏற்கெனவே வெளிநாடு சென்றுவிட்டபடியால் இனி எது வேண்டுமானாலும் அங்கிருந்தே விண்ணப்பித்துக்கொள்ளலாம் என்று மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அதைச் சைக்கிள் கடையில் நின்று வாசித்த வயிரவன் கையிலிருந்த பம்பைத் தூக்கி ரோட்டில் எறிந்தான். ராவுத்தர் போய் எடுத்துவந்து துடைத்து வைத்தார்.

அதற்குள் மூட்டை நகரத் தொடங்கியிருந்தது. தினமும் ஒரு முழம் வாசலை நோக்கி வந்தது. எலி இழுக்கிறது என்று ராவுத்தர் நினைத்து, சாக்குக்கட்டியால் தரையில் கோடு போட்டு வைத்தார். ஒன்பதாவது கோட்டோடு மூட்டையைக் காணோம். நமணசமுத்திரம் ஸ்டேஷனில் விசாரித்தபோது, பொத்தான் போட்ட ஒரு சட்டை, வேட்டி தடுக்காமல் மூன்றாம் வகுப்பில் ஏறி உட்கார்ந்ததாகவும், குடையைக் கையில் மாட்டியிருந்ததாகவும், புதுக்கோட்டையில் ஏறிய ஒரு கைப்பிள்ளைக்காரிக்கு எழுந்து இடம் கொடுத்ததாகவும் சொன்னார்கள். டிக்கெட் இருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பம்பாயிலும் கேட்கவில்லை. சட்டைக்கும் வேட்டிக்கும் பாஸ்போர்ட் கேட்கிற வழக்கம் எந்தத் துறைமுகத்திலும் கிடையாது.

ஐப்பசியில் முதல் கடிதம் வந்தது. வயிரவனின் கையெழுத்து. அன்புள்ள அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும், சுகமாக வந்து சேர்ந்தேன். இங்கே கற்கள் எல்லாம் வெல்ல நிறம். பல்கலைக்கழக முகப்பில் கல்லில் செதுக்கிய தவளை ஒன்று உண்டு, அதைத் தானாகக் கண்டுபிடிப்பவன் தேர்வில் தேறுவான் என்பார்கள், நான் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். பாலத்தின் மேல் தினமும் காலையில் நடக்கிறேன். சாலா ஆச்சி கடிதத்தைச் சாமி படத்தடியில் வைத்துக் கும்பிட்டார். வயிரவனுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. தன் ஆசையைத் தன்னிடமிருந்தே ஒருவன் பிடுங்கிக்கொண்டு போனால், அந்த வயிற்றெரிச்சலை யாரிடம் போய்ச் சொல்வது? திருடன் என்று புகார் எழுதலாம் என்றால் இரண்டு பக்கமும் ஒரே பெயர்.

அங்கே ஆள் சேர்ந்துவிட்டதால் திட்டப்படி இங்கேயும் ஆள் வந்தான். மிகேல் என்று பெயர், ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம். சித்தன்னவாசல் ஓவியங்களை ஆராய வந்தவன். மகன் போன இடத்துப் பிள்ளை என்று ஆச்சி அவனுக்கு வயிரவனின் அறையையே ஒழித்துக் கொடுத்தார். வயிரவனின் கட்டிலில் படுத்தான், வயிரவனின் தட்டில் பால்பணியாரம் சாப்பிட்டான். அதற்கெல்லாம் அவனைக் குறை சொல்ல முடியாது. நல்ல பையன். மாலையில் சைக்கிள் கடைக்கு வந்து உட்கார்வான், வயிரவன் ஸ்பானிய மொழியில் பேசுவான். நீ பேசுவது எங்கள் கொள்ளுப்பாட்டன் பேச்சு மாதிரி இருக்கிறது, ஆனால் பிழையே இல்லை என்று மிகேல் ஆச்சரியப்பட்டான். வயிரவன் காற்றடித்த டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டே தலையாட்டினான்.

அந்த இரண்டு வருஷத்தில் வயிரவன் பதினோரு மனுக்கள் போட்டான். பாஸ்போர்ட் ஆபீசில் நேரிலும் போய் நின்றான். நீங்கள் ஸ்பெயினில் இருப்பதற்குச் சேர்க்கைச் சான்று, வருகைப் பதிவு, முதல் வருஷ மதிப்பெண் எல்லாம் வந்திருக்கின்றன, இங்கே இருப்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சான்றிதழ்கள் மூட்டையில் போய்விட்டன. இவனிடம் இருந்ததெல்லாம் இவன் மட்டும்தான். எழுதும்போது எனக்கே அவ்வளவு எரிச்சலாக இருக்கிறது.

1959இல் மிகேல் ஊர் திரும்பினான். போகும்போது வயிரவன் அவனைக் கட்டிக்கொண்டு, அங்கே என்னைப் பார்த்தால் இங்கே நான் படும் பாட்டைச் சொல், உடனே திரும்பி வரச் சொல் என்றான். ஆறு மாதத்தில் மிகேலிடமிருந்து பதில் வந்தது. உன்னைச் சந்தித்தேன், சதுக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தோம். பேர் கூப்பிடும்போது சட்டையின் வலதுகை உயர்வதைப் பேராசிரியர்கள் பழகிக்கொண்டார்கள். மார்கழிக் குளிரில் உனக்குச் சளி பிடித்து இப்போது தேவலை. மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. அம்மாவைப் பற்றி நிறையக் கேட்டாய். உன்னைப் பற்றி ஒரு வார்த்தைகூட விசாரிக்கவில்லை.

1961இல் ஆதப்ப செட்டியார் காலமானார். தந்தி கொடுத்தார்கள். பயணப்பட வழியில்லை, ஆத்தாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சலமாங்காவிலிருந்து பதில் தந்தி வந்தது. வயிரவன் சைக்கிள் கடையிலிருந்து குளித்துவிட்டு ஈரவேட்டியோடு வந்து வாசலில் நின்றான். இந்த ஒரு நாளாவது விடுவார்கள் என்று நம்பினான். ஆச்சி அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

“நீ கொள்ளி வச்சா, போனவன் திரும்பிட்டான்னு ஆயிரும். அண்ணன் போனது போதும் எனக்கு. அவனுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா நான் தாங்க மாட்டேன்.”

“அவன்தான் நான், ஆத்தா.”

“தெரியுது. அதுனாலதான் சொல்றேன்.”

பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் கொள்ளி வைத்தான். வயிரவன் மொட்டையடித்துக்கொண்டு கூட்டத்தின் பின்னால் ராவுத்தரோடு நின்றான். ராவுத்தர் அவன் தோளில் கை போட்டிருந்தார். திரும்பி வரும்போது, “அழுதுருங்க தம்பி, அடக்கி வைக்காதீங்க” என்றார். வயிரவன் அழவில்லை. அன்றைக்கு யார் சைக்கிளுக்கும் அவன் காற்றடித்துக் கொடுக்கவில்லை.

செட்டியார் போன பிறகு வீட்டில் கடிதம் படிக்க ஆளில்லை. ஆச்சிக்கு எழுத்து தெரியாது. எனவே கடிதம் வந்தால் சைக்கிள் கடைக்குச் சொல்லியனுப்புவார். வயிரவன் வாசற்படியில் நின்று தன் கடிதத்தை வாசித்துக் காட்டுவான். பதிலையும் ஆச்சி சொல்லச் சொல்ல அவன்தான் எழுதுவான். முதலில் இடையிடையே தன் பங்குக்கும் நாலு வரி சேர்த்தான். மானங்கெட்டவனே, என் சட்டையைக் கழற்றி அனுப்பு என்றுகூட ஒருமுறை எழுதினான். ஆச்சி சொன்ன வரிகளுக்கு மட்டும் பதில் வந்தது. மூன்று வருஷம் இப்படியே நடந்தது. ஆச்சி வாசலுக்கு உள்ளே உட்கார்ந்து, படிக்கிறவனின் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தையே பார்த்துக் கேட்டுப் பழகினார். எப்போது நீ என்பது போய் நீங்க ஆனது, எப்போது ராசா என்பது போய் வெறும் தம்பி ஆனது என்று யாரும் குறித்து வைக்கவில்லை.

1964 தையில் அந்தக் கடிதம் வந்தது. வயிரவன் வழக்கம்போல வாசற்படியில் நின்று வாசித்தான். எனக்கு இந்தப் பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியர் வேலை கிடைத்துவிட்டது. பாலத்துக்குப் பக்கத்தில் வீடு எடுத்திருக்கிறேன். இந்த ஊரே எனக்குப் பிடித்துப்போய்விட்டது. இனி அங்கே வருவதற்கில்லை, ஆத்தா மனம் நோகாமல் ஆசீர்வதிக்க வேண்டும். கடைசி வரியை வாசித்துவிட்டு அவன் காகிதத்தை மடித்தான். இத்தனை வருஷமும், என்றாவது அந்தச் சட்டை திரும்பி வரும், பிடித்து உலுக்கி உள்ளே நுழைந்துகொள்ளலாம் என்று அவன் மனதின் ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தான். அந்த நம்பிக்கையும் போய்விட்டது. ஆச்சி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதார். ஒரே மகனைத் தூரதேசத்துக்குக் கொடுத்துவிட்ட தாய் அழுகிற அழுகை. அவரைத் தேற்ற அங்கே வயிரவனை விட்டால் ஆளில்லை.

“அழுகாதீங்க. நல்லாத்தான் இருக்காரு. வேலையும் கெடச்சிருச்சு” என்றான்.

ஆச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூச்சு நிதானப்பட்டதும், பெரிய பாரம் இறங்கியவர் போலப் பேசினார்.

“போனவன் போய்ச் சேந்துட்டான். இனிமே பயணம் முறியும்னு பயமில்ல. வெயில்ல எம்புட்டு நேரந்தான் நிப்பீங்க, உள்ள வாங்க தம்பி.”

ஆறரை வருஷத்துக்குப் பிறகு வயிரவன் அந்த வாசற்படியைத் தாண்டினான். இலை போட்டார். பருப்பும் கத்திரிக்காய்க் குழம்பும். அவன் எங்கே உட்கார்வது என்று தெரியாமல் நின்றான்.

“கூச்சப்படாமச் சாப்பிடுங்க. நீங்களும் எனக்கு மகன் மாதிரித்தான்.”

வயிரவன் இலையைப் பார்த்தான். சொல்வதற்கு ஒன்று தொண்டைவரை வந்தது. அதைச் சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான். பசி அப்படி.

அன்றிலிருந்து அந்த வீட்டில்தான் இருக்கிறான். பகலில் சைக்கிள் கடை, சாப்பாடும் படுக்கையும் இங்கே. மறுநாள் சலமாங்காவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தார்கள். ஆச்சி சொல்லச் சொல்ல, என்னைப் பற்றிக் கவலைப்படாதே, வீட்டோடு துணைக்கு ஒரு நல்ல பையன் கிடைத்திருக்கிறான் என்று வயிரவன் எழுதி, மையொற்றுத்தாளை வைத்து ஒற்றி, விலாசத்தில் தன் பெயரை எழுதினான்.