மேஸ்திரி வேனில் ஏறிய காலை

அந்தக் குடியிருப்பில் அவரை எல்லோரும் மிலிட்டரி என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். முன்னால் போன லாரி கண்ணெதிரே வெடித்துச் சிதறியதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. அதனால் அவருக்கு ஒன்றும் இல்லை என்று சொந்தக்காரர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். வீட்டுக்குள் நடப்பது மனைவிக்கு மட்டும்தான் தெரியும். எங்காவது கதவு படாரென்று சாத்தினால் போதும், மனிதர் மேசைக்கு அடியில் இருப்பார். அவரைத் தனியே விட்டுப் போக முடியாமல், ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் பார்த்த வேலையை அவள் விட்டிருந்தாள்.

அப்புறம்தான் அந்த நாய் வந்தது. பட்டாளத்திலிருந்து மனசு உடைந்து வந்தவர்களுக்குத் துணையாக இருப்பதற்கென்றே பழக்கிய நாய். எந்த அறையானாலும் அவருக்கு முன்னால் புகுந்து நாலு மூலையும் பார்த்துவிட்டு வரும். கட்டட வேலையைச் சுற்றிப் பார்க்கிற மேஸ்திரி மாதிரி இருக்கிறதே என்று அவர் சிரித்தார், அதுவே பேராகிவிட்டது. அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தால் மேஸ்திரி மடியில் ஏறி முழுக் கனத்தோடு படுத்துக்கொள்ளும். கெட்ட கனவில் கத்தினால் போர்வையை இழுத்து எழுப்பும். கடை வரிசையில் அவர் முதுகை யாரும் நெருங்காதபடி குறுக்கே நிற்கும். அவர் கடைக்குப் போனார், முடி வெட்டிக்கொண்டார். அவளும் மறுபடி வேலைக்குப் போனாள். துவைத்த விரிப்புகளின் சூட்டில் நின்றுகொண்டு பக்கத்தில் இருப்பவளோடு வம்பளக்கக்கூட மனசு வந்தது.

மூன்றாம் வருஷம் மேஸ்திரி தட்டில் பாதியை மிச்சம் வைக்க ஆரம்பித்தது. முன்னங்காலை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொண்டது. அவர் குரல் ஏறினால் குளியலறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றது. அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். புண்ணுக்கு மருந்து போட்டாள். அவர் கேட்டபோது, பூச்சி கடித்திருக்கும் என்றாள். நாயைப் பழக்கிய பெண் போனில் விசாரிக்கும்போதெல்லாம், "நல்லா இருக்கும்மா, ஒரு குறையும் இல்ல" என்று வாய் கூசாமல் சொன்னாள். உண்மையைச் சொன்னால் கொண்டுபோய்விடுவார்கள். அப்புறம் அவள் கதி?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேல்வீட்டில் பீரோவோ என்னவோ சாய்ந்து விழுந்தது. கூரையே அதிர்ந்தது. மிலிட்டரி சுவரோரம் சுருண்டு, தலையைக் கைகளால் மூடிக்கொண்டு, "நிறுத்து, வண்டிய நிறுத்து" என்று அலறினார்.

மேஸ்திரி குளியலறையில் இருந்தது. "போ, அவர்கிட்ட போ" என்று தள்ளினாள். அசையவில்லை. கழுத்துப் பட்டையைப் பிடித்தாள். நகங்கள் தரையில் கீச்சிடக் கூடம் வரைக்கும் தரதரவென்று இழுத்து வந்தாள். அவர் எதிரில் கொண்டுவந்து நிறுத்தியதும், அது உடம்பெல்லாம் நடுங்கி, நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது.

அந்த ஈரம் காலில் பட்டுத்தான் அவருக்கு நினைவு திரும்பியது. நாயைப் பார்த்தார். பட்டையை இன்னும் விடாமல் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தார்.

"விடு அத," என்றார். "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

அவள் பட்டையை விட்டுவிட்டு, தரையைத் துடைக்கத் துணியை எடுத்தாள்.

"உன்னத்தான் கேக்கறேன்."

"கொஞ்ச மாசமா," என்றாள்.

அவரே போன் போட்டார்.

மறுநாள் காலை பழக்கிய பெண் வேனில் வந்தாள். மேஸ்திரியின் முன்னங்கால் புண்ணைப் பார்த்தாள். எலும்பு தெரிந்த விலாவைத் தடவினாள். யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மனைவிக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

"இதுக்கு மேல இதால முடியாதுண்ணே. ரொம்பத் தாங்கிடுச்சு."

"எனக்கு வந்தது அதுக்கும் வந்துடுச்சு. அப்படித்தானேம்மா?"

அந்தப் பெண் மேஸ்திரியின் பட்டையில் கயிற்றை மாட்டினாள். "வேற ஒண்ணுக்குச் சொல்லி வைக்கறேன். கிடைக்க நாளாகும்," என்றாள்.

"வேண்டாம்மா. இன்னொரு உசுரையும் நான் பாழாக்க மாட்டேன்."

வேன் கதவைத் திறந்ததும் மேஸ்திரி யாரும் சொல்லாமலே ஏறி, உள்ளே ஒடுங்கிப் படுத்துக்கொண்டது. தடவிக்கொடுக்கக் கையை நீட்டிக்கொண்டு வந்தவர் பாதியிலேயே நின்றுவிட்டார்.

மாடியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் கையில் தம்ளர் தளும்பியதை அவர் பார்த்தார்.

"அதக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள் வந்தாங்க," என்றார் மெதுவாக. "உனக்கு யாரு வருவா?"

"என்ன பேச்சு இது. தண்ணியக் குடிங்க."

"உங்கக்கா வீட்டுக்குப் போயிடு. நெசமாத்தான் சொல்றேன்."

"நான் போயிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. போய் ஜன்னலைச் சாத்திக் கொக்கியை மாட்டினாள். பிறகு சமையலறையில் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு, சலவைப் பிரிவு மேற்பார்வையாளருக்குப் போன் செய்தாள்.

"இன்னைக்கு வர முடியாதுங்க."

"சரி, நாளைக்கு வந்துடுவ இல்ல?"

கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறதா என்று அவள் ஒரு கணம் காது கொடுத்தாள்.

"இல்லைங்க," என்றாள். "என் இடத்துக்கு வேற ஆளப் போட்டுக்கோங்க."