மேலே பிடிக்க ஓர் ஆள்

வாஷ்பேசின் குழாயைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பேசினுக்கு அடியில் மல்லாந்து படுத்து நட்டைத் திருக, மற்றவர் மேலே நின்று, குழாயும் கூடவே சுற்றிவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த வீட்டில் அடியில் படுப்பவன் எப்போதும் அண்ணன், பிடித்துக்கொள்பவள் அவள். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளாமலே ஒரே வீட்டில் ஐம்பதைத் தாண்டியவர்கள். போன வருடம் அண்ணன், தன் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டு நகரத்தின் மறுகோடிக்குப் போய்விட்டான்.

குழாய் ஒழுகுகிறது என்று அவள்தான் போனில் வாயை விட்டுவிட்டாள்.

"ஒரு குழாயையே உன்னால சமாளிக்க முடியலே, தனியா இருக்கப் போறாளாம்" என்றான் அண்ணன். "பேசாம வீட்டை வாடகைக்கு விட்டுட்டு இங்க வந்துடு. உங்க அண்ணியும் அதைத்தான் சொல்றா."

"முடியலேன்னு யார் சொன்னா? நான் இன்னும் தொடவே இல்லியே."

"சரிங்க டாக்டரம்மா. ஞாயித்துக்கிழமை வரேன். அதுக்குள்ள நீயே கழட்டிட்டா, இந்தப் பேச்சையே இனி எடுக்க மாட்டேன். இல்லேன்னா பெட்டியைக் கட்டு."

அவள் டாக்டர் இல்லை. பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுப்பவள். குழந்தைகள் கூட அழாமல் கை நீட்டும் அளவுக்கு நிதானமான கை.

சனிக்கிழமை மதியம் வால்வை மூடினாள். டியூபைக் கழற்றி, மிச்சத் தண்ணீரை மக்கில் பிடித்தாள். பழைய போர்வையை மடித்துத் தரையில் போட்டுத் தலையை உள்ளே நுழைத்தாள். பேசினின் அடிப்பக்கத்தை இத்தனை வருடத்தில் இப்போதுதான் பார்க்கிறாள். மேலே பளபளப்பு, கீழே சொரசொரப்பு, ஒட்டடை. நட் பச்சைக் களிம்பு பூத்து, உப்பு படிந்து, கல்லாகச் சமைந்திருந்தது. துருவை இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டுக் காத்திருந்தாள்.

மேலே பிடிக்க ஆள்? யோசித்துப் பார்த்து, குழாயின் கழுத்தில் துணியைச் சுற்றி பைப் ரெஞ்சை மாட்டினாள். அதன் பிடி சுவரில் போய் முட்டி நின்றது. இனி சுவர் பிடித்துக்கொள்ளும். முப்பது வருடமாகத் தான் பார்த்த வேலை இவ்வளவுதானா என்று ஒரு கணம் சுருக்கென்றது.

ஸ்பேனரை மாட்டித் திருகினாள். அசையவில்லை. முழு பலத்தையும் போட்டாள். துரு கண்ணில் கொட்டியதுதான் மிச்சம். மறுபடி திருகியபோது பேசின் 'டிக்' என்றது. கையை எடுத்துவிட்டாள். பீங்கான் விரிசல் விட்டால் குழாயோடு பேசினும் போகும்.

போன் அடித்தது. படுத்தபடியே ஸ்பீக்கரில் போட்டாள்.

"பெட்டி கட்டியாச்சா?"

"கட்டினா உன்னைத்தான் உள்ள வெச்சுக் கட்டணும். வை போனை, வேலையா இருக்கேன்."

"எந்தப் பக்கம் திருகுறே?"

"எனக்குத் தெரியும்."

"கொஞ்சம் நில்லு, சொல்றதைக் கேளு..."

"தெரியும்னு சொல்றேன்ல!" போனை வைத்தாள்.

தெரியும்தான். அவன் நட்டைத் தளர்த்தும்போதெல்லாம் குழாய் அவள் கைக்குள் எந்தப் பக்கம் துள்ளும் என்று அவள் கைக்கு நன்றாகத் தெரியும். ஜாடி மூடியை இறுக்குகிற பக்கம். அந்தப் பக்கம்தானே திருகுகிறாள்? அங்கேயே படுத்து, இல்லாத நட்டை விரலால் காற்றில் திருகிப் பார்த்தாள். மேலே நின்று பார்க்கிறபோது அந்தப் பக்கம். கீழேயிருந்து பார்த்தால் அதுவே நேரெதிர். இவ்வளவு நேரமும் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்!

தனியாகவே சிரித்தாள். குளியலறையில் சிரிப்பு பெரிதாகக் கேட்டது, சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

எழுந்து ரெஞ்சை மாற்றி, பிடி மறுபக்கமாகச் சுவரில் முட்டும்படி வைத்தாள். மறுபடி எண்ணெய் அடித்தாள். ஊசி குத்துவதற்கு முன் நரம்பைத் தேடுகிற நிதானத்தோடு ஸ்பேனரைப் பொருத்தி, மெல்ல மெல்ல அழுத்தம் கூட்டினாள். நட் கிறீச்சிட்டு, ஒரு மயிரிழை நகர்ந்தது. பிறகு கால் சுற்று. பிறகு விரலாலேயே சுற்ற வந்தது. எழுந்து குழாயைத் தூக்கினாள். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது.

உடனே அண்ணனைக் கூப்பிட்டாள். அண்ணிதான் எடுத்தாள்.

"கழட்டிட்டேன் அண்ணி. சொல்லுங்க அவன்கிட்ட."

"அடேயப்பா! இருங்க, தரேன்."

"நிஜமாவா?" என்றான் அண்ணன். "புதுசை எப்படி மாட்டுவே?"

"கழட்டினவளுக்கு மாட்டத் தெரியாதா?"

"கெட்டிக்காரிதான் நீ. சரி, நான் தோத்துட்டேன். இனிமே வா வான்னு நச்சரிக்க மாட்டேன், போதுமா?" குரலில் ஒரு பாரம் இறங்கிய லேசு இருந்தது. "அப்போ நாளைக்கு நான் வர வேண்டியதில்லேல்ல? இவளோட தங்கச்சி வீட்டுல சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க. உன் குழாய் இருக்கேன்னுதான் வரலேன்னு சொல்லி வெச்சிருந்தேன்."

"போய்ட்டு வா."

"வேற ஏதாவது ரிப்பேர் இருக்கா? இருந்தா சொல்லு, அடுத்த வாரம் வந்து பார்க்கறேன்."

அவள் சுற்றிலும் பார்த்தாள். ஷவர், ஃபிளஷ், கதவுத் தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி. ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் பார்த்தாள்.

"இல்லே அண்ணா" என்றாள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு."