சுவருக்கு அந்தப்பக்கம்

மாமனாரின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் சரளா. துணி வழுக்கி வழுக்கி அவிழ்ந்தது. கீழ்வீட்டு எல்லம்மா உள்ளே வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

“கடைசில பால் யாரும்மா ஊத்தினது?”

சரளா முடிச்சை இறுக்கினாள். சாவு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வேறு கேள்வியே கிடைக்காது போல.

“அந்த ஆந்தைங்கதான் கூட்டிட்டுப் போயிடுச்சு,” என்றாள் எல்லம்மா. “அப்பவே அடைக்கச் சொன்னேன்.”

கட்டிலை ஒட்டிய சுவருக்குப் பின்னால், தண்ணீர்க் குழாய்கள் இறங்கும் இருட்டுச் சந்து. பெங்களூரு பொம்மனஹள்ளியில் இப்படிச் சந்து இல்லாத மூன்று மாடிக் கட்டடம் ஏது? அதில் யாரோ விட்டுப்போன ஏசி மேடையில் ஆந்தை முட்டையிட்டிருந்தது. சுள்ளியில்லை, பஞ்சில்லை, வெறும் சிமென்ட்தான். நான்கு குஞ்சுகள், ஒவ்வொன்றும் ஒரு அளவு. பசித்தால் அவை கத்துவதில்லை. சளி கட்டிய கிழவர் மாதிரி இழுத்து இழுத்துச் சீறும். சுவரின் மேல் திறப்பு வழியாக அது வீடு முழுக்கக் கேட்கும். குறட்டையைப் பற்றிச் சரளா குறைப்பட்டால் மாமனார் அப்பாதுரை சுவரைக் காட்டுவார்.

“நான் இல்லம்மா. பக்கத்து ஊட்டுக்காரன்.”

இன்று மத்தியானம் அவள் அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தபோது, கம்பெனியிலிருந்து அவள் கணவன் நரேஷ் ஃபோன் செய்தான்.

“அப்பா எப்படி இருக்காரு? லீவு சொல்லிட்டு இப்பவே வந்துடட்டா?”

உள்ளேயிருந்து மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

“மூச்சு நல்லா விடறாரு. வேலைய முடிச்சுட்டே வாங்க.”

கஞ்சியோடு போனபோது மாமனாரின் கை சில்லிட்டிருந்தது. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வந்ததிலிருந்து தலைமாட்டை விட்டு நகராத நரேஷின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

சாயங்காலம் பெண்களின் அழுகை ஓய்ந்த ஒரு நேரத்தில், நீளமாக ஒரு மூச்சு கேட்டது. எல்லோரும் விறைத்துப்போனார்கள். நரேஷ் பதறி, அப்பாவின் மூக்கருகே விரலை வைத்தான். மறுபடியும் கேட்டது. விரலில் காற்றே படவில்லை. அவன் நிமிர்ந்து சுவரைப் பார்த்தான். பிறகு சரளாவைப் பார்த்தான்.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவன் பக்கம் குனிந்தாள்.

“அடுப்படியில இருந்தேங்க. இந்தச் சத்தத்தைத்தான் கேட்டேன். போய்ப் பாக்கல.”

அவன் கண்களை மூடிக்கொண்டான். நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

“பாத்தியா, பொணத்துக்குப் பக்கத்துலயே சீறுது,” என்றாள் எல்லம்மா. “ஒரு பலகைய வெச்சு அடிச்சுடு நரேஷ். ஆமா, பால் யாரு ஊத்தினதுன்னு யாருமே சொல்லலியே?”

“சரளாதான்.” நரேஷ் கண்களைத் திறந்தான். “பக்கத்துலயேதான் இருந்தா. அத அடைக்க வேணாக்கா, குஞ்சுங்க இருக்கு.”

தலைமாட்டிலிருந்த பால் டம்ளரை எடுத்து மனைவியின் கையில் கொடுத்தான்.

“இன்னொரு வாட்டி ஊத்து.”

அவள் ஊற்றினாள். மூடிய உதட்டோரம் வழிந்த பாலைத் துப்பட்டா நுனியால் ஒற்றினாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. தாய் ஆந்தை இரையோடு வந்திருக்க வேண்டும். சுவருக்கு அந்தப்பக்கம் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.